அமிலத் தொட்டியில் இருபத்தேழு கும்பங்கள்

ஒஸ்லோவில் ஒரு விலங்குநல ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அந்த முப்பத்தொரு வருடத்தில் எனக்கு ஒரேயொரு பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் நான் செய்த பிழைகளிலேயே ஆகப் பெரிய பிழைக்கு.

அதே ஆய்வுகூடத்தில் இப்போது நம்முடைய பிள்ளைகள் நாலைந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கழுவும் அறையில், அமிலத் தொட்டிக்கு மேலே, ஒரு அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். "சமயப் பாத்திரங்களை இத்தொட்டியில் கழுவ வேண்டாம்" என்று நோர்வீஜிய மொழியில், தடித்த எழுத்தில் இருக்கும். உங்களில் இரண்டு பேர் அதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பி, இது ஆர் பார்த்த வேலை என்று கேட்டிருந்தீர்கள். நான் கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இனி ஒளித்து என்ன. அது நான் பார்த்த வேலைதான்.

அளக்கும் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. நீங்கள் அதை வாசிக்கமாட்டீர்கள், நானும் முழுதாக வாசித்ததில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். செத்த மிருகத்தின் ஈரலில் ஒரு துண்டை வெட்டி, சோதனைக் குழாயில் போட்டு, அமிலத்தில் கரைத்து, அதில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. செம்பு கொஞ்சம் வேண்டும், கூடினால் நஞ்சு. செம்மறிகள் அதனால்தான் அடிக்கடி எங்களிடம் வந்து சேரும். குழாய்களில் பழைய உலோகம் எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது என்பதற்காக, கழுவிய பிறகு அவற்றை ஒரு பெரிய தொட்டியில் அமிலத்துக்குள் ஊறவைப்போம். இந்தத் தொட்டிதான் கதாநாயகன்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு கோடைகாலம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது களஞ்சிய அறையைத் திறந்து பார்த்தால், செப்புக் கும்பங்கள் இருபத்தேழும் பனிக்கால ஈரத்தில் கறுத்து, பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. வழமையாகப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குகிறவர்கள் பாதிப் பேர் பள்ளி விடுமுறைக்கு லண்டன், கனடா என்று போய்விட்டார்கள். கோயில் செயலாளர் குணம் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அவர் நல்ல மனிதர். ஒரு கும்பத்தை ஒரு மணித்தியாலம் தேய்க்கும் பொறுமை மட்டும் அவருக்குக் கிடையாது, மற்றவர்களுக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "விடுங்கோ அண்ணை, எங்கடை லாப்பிலை பத்து நிமிச வேலை," என்று சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் இருபத்தேழு கும்பங்களையும் மூன்று பெரிய பைகளில் போட்டுக்கொண்டு ரொம்சோஸில் சுரங்க ரயில் ஏறினேன். என் மனைவி வாசலில் நின்று, வேலை செய்கிற இடத்துக்குச் சட்டிபானையோடு போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். ரயில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது பைகள் கணகணவென்று சத்தம் போட்டன. எதிரே இருந்த ஒரு முதியவர் மிகுந்த மரியாதையோடு, எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியக்குழு என்று விசாரித்தார். நான் கோயில் என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆய்வுகூடத்தில் ஒரு குருவி இல்லை. தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த குழாய்த் தட்டை வெளியே எடுத்து வைத்தேன். கும்பங்களை மும்மூன்றாக இறக்கினேன். அடேயப்பா, அதைப் பார்த்திருக்க வேண்டும். களிம்பு புகைபோலக் கலைந்து போனது. எடுத்து அலசினால் அப்போதுதான் செம்பு தட்டும் கன்னார் கையிலிருந்து இறங்கியதுபோல ஒரு மினுக்கம். தொட்டியில் அமிலம் இலேசாக நீலம் பூத்தது. திங்கட்கிழமை அமிலம் மாற்றும் முறை எப்படியும் என்னுடையதுதான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று குழாய்த் தட்டை மறுபடியும் அதற்குள்ளேயே இறக்கினேன். குழாய் என்றால் அமிலத்துக்குள் இருக்கவேண்டும், அதுதானே விதி. விதியைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் கும்பங்களைப் பார்த்தவர்கள் சாமியைப் பார்க்க மறந்தார்கள். ஐயர் இரண்டு தரம் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். அன்னதானத்துக்கு முன்னால் குணம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் எங்கள் மத்தியில் எப்படிக் கைகோர்க்கின்றன என்று கால் மணித்தியாலம் பேசி, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என் மனைவி அதைக் கைத்தொலைபேசியில் பிடித்தாள். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது அந்தப் படம். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் ஆபிரிக்காவிலிருந்து ஒரு குளிர்பெட்டி வந்திருந்தது. அனுப்பியது தெற்கே ஒரு காட்டுச் சரணாலயம். பெட்டிக்குள் எட்டு இம்பாலாக்களின் ஈரல்கள். இம்பாலா ஒரு மறிமான். பார்க்க எங்கள் ஊர் மான்போல இருக்கும், கொம்பு மட்டும் கிளைவிடாமல் வளைந்து போகும். அந்தச் சரணாலயத்தின் ஒரு கரையில் பழைய செப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக மான்கள் ஒன்றொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. சுரங்கத்துத் தூசு புல்லில் படிந்து மொத்தக் கூட்டமும் நஞ்சேறிப் போயிருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இந்த வேலையைப் பொறுப்பெடுத்திருந்தவள் அபிராமி. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, மிருக வைத்தியம் படித்தவள், எங்களிடம் ஆய்வுக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான். அவளுக்கு இது முதல் பெரிய வேலை. பெட்டி வந்ததிலிருந்து என் பின்னாலேயே நின்றாள். அவசரத்தில் தொட்டியிலிருந்து குழாய்களை எடுத்து, மூன்று தரம் அலச வேண்டியதை ஒரு தரம் அலசி, உலர்த்தி, ஈரல்களைப் போட்டேன். நீல அமிலத்தைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். ஈரல் போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் வைத்து ஓட்டும் குழாய்கள் இரண்டு வேண்டும். குழாய்கள் சுத்தமா என்று காட்டிக்கொடுப்பவை அவைதான். கழுவியதில் இரண்டு குறைந்தது. புதுப் பெட்டியொன்றை உடைத்து இரண்டு எடுத்துப் போட்டேன். அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை எண்கள் வந்தன. எட்டு ஈரலிலும் செம்பு எக்கச்சக்கம். வெறும் குழாய்கள் இரண்டும் பளிங்குபோலச் சுத்தம். அபிராமி திரையைப் பார்த்தபடி, "அங்கிள், இது நிச்சயந்தானே?" என்று கேட்டாள்.

"பிள்ளை, நான் முப்பது வருசமா இதைத்தான் செய்யிறன்," என்றேன்.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவள் எண்களைப் பற்றிக் கேட்டாள். நான் என் வருடங்களைப் பற்றிப் பதில் சொன்னேன். கும்பத்தை முக்கியது வெறும் முட்டாள்தனம், அதை யாரும் செய்யலாம். இந்தப் பதில்தான் உண்மையான பிழை.

அவள் சரணாலயத்து வைத்தியருக்கு அன்றைக்கே அறிவித்துவிட்டாள். அவர்களும் தாமதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிய மொத்தக் கூட்டத்தையும் வளைத்துப் பிடித்து, லொறிகளில் ஏற்றி, தூரத்தில் வேறு ஒரு காட்டில் விடுவது என்று முடிவாயிற்று. அந்த வைத்தியர் தொலைபேசியில் சொன்னதை அபிராமி எனக்கும் சொன்னாள். இம்பாலா பயந்த சாதி. பிடித்து அடைத்தால் சிலது பயத்திலேயே செத்துப்போகும். பெண்மான்கள் எல்லாம் சினையாக இருக்கிற நேரம் வேறு. ஆனால் நஞ்சுப் புல்லில் விட்டு எல்லாவற்றையும் சாகவிடுவதைவிட, சிலதைப் பலிகொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. எண்கள் சரியென்றால் அவர் கணக்கும் சரிதான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடித்து ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். குணம் அண்ணை அழைத்தார். பக்கத்து நகரமான திராமனில் அவருடைய மச்சாளின் மகளுக்குக் கலியாணமாம். அவர்களுடைய கும்பங்களும் கறுத்துப் போய்க் கிடக்கின்றனவாம். என்னுடைய அந்தத் தண்ணீரில் ஒருக்கால் முக்கி எடுத்துத் தரட்டாம். பொன்னாடை போர்த்தியவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா. ஓம் என்றேன். அத்தோடு விட்டாரா மனிதர்? அந்தத் தண்ணீருக்குள் அப்படி என்னதான் மாயம் இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கோ விளக்கம் சொல்வதென்றால் தேனும் பாலும். "மாயமில்லை அண்ணை. மேலை படிஞ்ச களிம்பை அசிட் கரைச்சுப்போடும். செம்பிலையும் கொஞ்சம் கரையும். அப்ப உள்ளுக்கை இருக்கிற புதுச் செம்பு வெளியிலை தெரியும். அவ்வளவுதான்."

"அது சரி," என்றார் குணம் அண்ணை. "அப்ப கரைஞ்ச செம்பு எங்கை போகும்?"

அமிலத்துக்குள் என்று சொல்லப் போனேன். அந்த அமிலத்துக்குள்தான் என் குழாய்களும் ஊறின. குரோருட் நிலையத்தில் ரயில் நின்றது. என் வீட்டுக்கு இன்னும் ஒரு நிறுத்தம். குணம் அண்ணை தொலைபேசியில் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் இறங்கி மறுபக்கம் ஓடி, நகரத்துக்குத் திரும்பும் ரயிலில் ஏறினேன். சிறிய வயதிலிருந்து சங்குபூசைக்கும் தேருக்கும் அவசரமாகப் போயிருக்கிறேன். அப்படி ஒருநாளும் ஓடியதில்லை.

திரும்பிப் போகும் வழியில் மனம் எத்தனை குறுக்குவழிகளைக் கண்டுபிடித்தது என்று சொன்னால் வெட்கம். முதலில், பேசாமல் புதுக் குழாய்களில் இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்போம், எண்கள் அதேபோல வந்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்றது. ஆனால் ஈரல் கரைந்து எண் வரக் குறைந்தது மறுநாள் மத்தியானம் ஆகும், லொறிகள் விடிய வந்துவிடும். பிறகு, இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லலாம் என்றது. இயந்திரம் பாவம், வாய் இல்லாதது. கடைசியில், ஒருவேளை மான்களுக்கு உண்மையிலேயே செம்பு நஞ்சு ஏறியிருக்கலாமே, நீ ஏன் பதறுகிறாய் என்று ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதல்தான் ஆகப் பொல்லாதது. அதில் பாதி உண்மை இருந்தது.

எனக்குப் பிழை என்றும் தெரியாது, சரி என்றும் தெரியாது. கையில் ஆதாரம் ஒன்றும் இல்லாமல், தெரியாது என்று மட்டும் போய்ச் சொல்லவேண்டும். பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று போய் நிற்பதில்கூட ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இதில் அதுவும் இல்லை.

எங்கள் பகுதித் தலைவி வடக்கு நோர்வேக்காரி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. நாலு மணிக்குப் பிறகு நோர்வேக்காரர் வேலையிடத்தில் நிற்பதென்றால் கட்டடம் தீப்பிடித்திருக்க வேண்டும். நான் உள்ளே ஓடும்போது அவள் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், களிம்பு, தொட்டி, ஒரு தரம் அலசியது, தொட்டியையே காணாத புதுக் குழாய்கள் இரண்டு. பொன்னாடையை மட்டும் சொல்லவில்லை.

அவள் கேட்டாள்: "எண்கள் பிழை என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சரியென்று இனிமேல் சொல்ல முடியாது. அது மட்டும் தெரியும்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அது போதும். இப்போதே ஆபிரிக்காவுக்கு அழைப்போம். நீயே பேசு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருந்தபோது, எத்தனை பாத்திரம் என்று மட்டும் கேட்டாள். இருபத்தேழு என்றேன். நன்றாக மினுங்கினவா என்று கேட்டாள். மினுங்கின என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

சரணாலயத்து வைத்தியர் ஏற்கெனவே வேலிகள் கட்டி, லொறிகளில் வைக்கோல் பரப்பி, ஆட்களை எல்லாம் சேர்த்துவிட்டிருந்தார். நிறுத்துங்கள் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். காரணம் கேட்டார். ஆபிரிக்க வெய்யிலில் நிற்கிற ஒரு மனிதருக்குக் கும்பம் என்றால் என்ன, அதை ஏன் விளக்கவேண்டும், அதை ஏன் ஒரு மிருக ஆய்வுகூடத்தில் விளக்கவேண்டும் என்று என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். கும்பம் என்ற சொல்லை அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன், அதற்கு மேல் ஒரு மணித்தியாலம்கூட இல்லை என்றார்.

அபிராமியையும் கூப்பிட்டோம். அவள் வந்து, கேட்டு, என்னைப் பார்த்து நோர்வீஜிய மொழியில் பேசத் தொடங்கினாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும், உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நிச்சயம் என்று தான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். உங்களிடம் கேட்டுவிட்டுத்தானே கொடுத்தேன் என்றாள். அன்றைக்கு எனக்கு உண்மையில் வலித்தது அந்த ஒரு இடம்தான்.

வெள்ளி முழுதும் அவள் என்னோடு கதைக்காமல் என் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு குழாயையும் நான் அலச அவள் எண்ணினாள். வெறும் குழாய்களையும் ஈரல் போட்ட குழாய்கள் இருந்த அதே பெட்டியிலிருந்து எடுக்கவைத்தாள். மத்தியானம் நான் மட்பாக்கேயை, அதுதான் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை, திறந்தேன். நான் பாணுக்கு நடுவில் சீஸ் வைக்கிற ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அன்றைக்குக் கொண்டுபோனது திருவிழாவில் மிஞ்சி உறைபெட்டியில் கிடந்த வடை. அவள் கேட்காமலே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "பிளாஸ்டிக் பெட்டிதானே அங்கிள்?" என்றாள், தமிழில். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எண்கள் பின்னேரம் வந்தன. ஐந்து ஈரல்களில் செம்பு சாதாரணம். அந்த ஐந்தும் வேறு ஏதோ காரணத்தால் செத்தவை, பிறகு உண்ணி நோய் என்று தெரிந்தது. மூன்றில் மட்டும் செம்பு உண்மையிலேயே எக்கச்சக்கம். அபிராமி வரைபடத்தை எடுத்து, எந்த மான் எங்கே கிடந்தது என்று பார்த்தாள். அந்த மூன்றும் சுரங்கப் பக்கமே இல்லை. சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு விடுதியைச் சுற்றித்தான் கிடந்தன. சரணாலயத்து வைத்தியர் போய்ப் பார்த்தார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் மான்கள் விறாந்தைக்குக் கிட்ட வந்து நிற்கவேண்டும், விருந்தாளிகள் படம் எடுக்கவேண்டும் என்று விடுதிக்காரர் புல்லில் உப்புக்கட்டிகளை வைத்திருந்தார். மாட்டுக்கு வைக்கிற கட்டி. அதில் செம்பு கலந்திருக்கும். மாடு தாங்கும், இம்பாலா தாங்காது. தினமும் வந்து நக்கிய மூன்றும் போய்விட்டன.

கட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள். லொறிகள் வெறுமையாகத் திரும்பிப் போயின. விடுதிக்காரர் மிகவும் கவலைப்பட்டாராம், அவர் அன்பாகத்தான் வைத்தாராம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கண்ணுக்கு வடிவாக இருக்கவேண்டும் என்று நானும்தானே முக்கினேன்.

இந்த நாட்டில் பிழை விட்டால் மன்னிப்புக் கேட்பதோடு முடியாது, அவ்விக் எழுதவேண்டும். நடந்த தவறைப் பதியும் படிவம் அது, உங்களுக்கும் வரும். காரணமான பொருள் எது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். ஊசி, கண்ணாடி, எரிவாயு என்று இருபது இருந்தது. கும்பம் இல்லை. "மற்றவை" என்பதில் புள்ளடி போட்டேன். மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத் தலைவியே பதில் எழுதினாள். அதுதான் நீங்கள் படம்பிடித்த அறிவித்தல். கும்பம் என்று போட்டால் நாளைக்கு நான் குத்துவிளக்கைக் கொண்டுவருவேன் என்று பயந்து, சமயப் பாத்திரங்கள் என்று பொதுவாகப் போட்டதாகப் பிறகு சொன்னாள்.

குணம் அண்ணையிடம் போய், திராமன் கும்பங்களுக்கு வழியில்லை, எங்கள் கும்பங்களும் இனி அங்கே போகாது என்றேன். ஏன் என்று கேட்டார். மான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு முதல்நாள், கோயிலின் பின்பக்கத்தில் புளியும் சாம்பலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்டனையென்று என் மனைவியும் ஒத்துக்கொண்டாள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் விளக்கினாள். பதினோராவது கும்பத்தில் விரல்கள் மரத்துவிட்டன. குணம் அண்ணை வந்து நின்று, போன வருசம் மாதிரி மினுங்கேல்லை என்றார். ஓம் அண்ணை என்றுவிட்டுத் தேய்த்தேன்.

அந்த நேரம் அபிராமியிடமிருந்து ஒரு படம் வந்தது. சரணாலயத்து வைத்தியர் அவளுக்கு அனுப்பியதாம். அதே புல்வெளி, அதே கூட்டம். தாய்களுக்குப் பக்கத்தில் அரைவாசி வளர்ந்த குட்டிகள். வெய்யில் பட்டு ஒவ்வொன்றின் முதுகும் செம்பு நிறத்தில் பளபளத்தது. புளிக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, படத்தைக் குணம் அண்ணையிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்ன மினுக்கமடாப்பா," என்றார். "இதுகளை எதாலை விளக்கினவை?"

"ஒண்டாலையும் இல்லை அண்ணை," என்றேன். "கை வைக்காமல் விட்டிட்டினம்."